டெல்பர்ட்டின் இடுப்பில் இரண்டு அங்குலம்

என் கணவர் டெல்பர்ட் ஒரு திங்கட்கிழமை காலை மூன்று பேன்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு என் தையல் அறைக்கு வந்து, இடுப்பை இரண்டு அங்குலம் பிரித்துவிடச் சொன்னார். அந்த நிமிஷமே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

நான் எதற்கும் கவலைப்படுகிறவள்தான். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொல்வேன். மேற்கே ஒரு மேகம் கறுத்தால் போதும், சூறாவளிக்கு ஒளிகிற நிலவறையில் போர்வை, தண்ணீர், டார்ச் லைட், டெல்பர்ட்டின் பல்செட் எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்துவிடுவேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பல்செட்டைக் கழற்றிக் கொடுக்கச் சொல்வேன். ஆனால் இது அப்படிப்பட்ட கவலை இல்லை. இதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் ஊர் டிரை ஃபோர்க்கில் இருபத்திரண்டு வருஷமாக நான் ஒருத்திதான் தையல்காரி. ஊரில் இருக்கும் ஒவ்வொரு ஆம்பளையின் இடுப்பளவும் எனக்கு மனப்பாடம். ஒளித்து எடுத்துப்போகும் கைத்துப்பாக்கிக்கு யார் யார் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள் என்பது டெக்சாஸ் சட்டப்படி ரகசியம். ஷெரீஃப் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் ஒரு கிலோகூட ஏறாத மனுஷன் ஒருவன் வந்து இடுப்பை இரண்டு அங்குலம் பிரித்துவிடச் சொன்னால் என்ன அர்த்தம்? பெல்ட்டுக்கு உள்பக்கம் உறையோடு ஒரு பிஸ்டல் குடியேற அவ்வளவு இடம்தான் வேண்டும். இதுவரை எங்கள் ஊரில் பத்தொன்பது பேர். அதில் பல் டாக்டரும் உண்டு. சவப்பெட்டிக் கடைக்காரருக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம். நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"ஏன், குண்டாயிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா. வயசாகுதுல்ல."

"போன வாரம்தானே பெல்ட்ல புதுசா ஓட்டை போட்டுக் கொடுத்தேன். உள்பக்கமா, இறுக்கிக் கட்ட."

"அது வந்து... கொஞ்சம் காத்தாட இருக்கட்டுமேன்னு. டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"பல் டாக்டர்."

நான் ஊசியை வாயில் வைத்துக்கொண்டேன். சில சமயம் அதுதான் நல்லது.

எனக்கும் துப்பாக்கிக்கும் பகை ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் மான் வேட்டைத் துப்பாக்கி இரண்டு இருக்கிறது. பகையெல்லாம் குட்டித் துப்பாக்கியோடுதான். என் அப்பா அப்படி ஒன்றை எந்நேரமும் பையில் வைத்திருந்தார். ஒரு நாள் கேட் திறக்கச் சாவியை எடுப்பதாக நினைத்து அதை எடுத்தார். இரண்டு கால்விரல் போயிற்று. அதற்கப்புறம் அவர் ராத்திரி பூட்ஸைக் கழற்றும்போதெல்லாம் நான் சுவரைப் பார்த்துக்கொள்வேன். டெல்பர்ட்டோ என் அப்பாவைவிட அவசரக்காரர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பாம்பைச் சுடுகிறேன் என்று எங்கள் லாரியின் ரேடியேட்டரைச் சுட்டார். பாம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போயிற்று. அன்றைக்கு எனக்கு ஒரு சத்தியம் செய்து கொடுத்தார், குட்டித் துப்பாக்கி வாங்குவதில்லை என்று.

அந்த மனுஷனின் இடுப்பில், அதுவும் சொல்லக்கூடாத திசையைப் பார்த்துக்கொண்டு, தோட்டா போட்ட பிஸ்டல் ஒன்று உட்கார்ந்திருக்கப் போகிறது. சாப்பாட்டு மேசையில். சாய்வு நாற்காலியில் அவர் குறட்டை விடும்போது. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. விதவைக்குரிய கறுப்பு உடை எனக்கு எடுப்பாகவும் இருக்காது.

"வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். டெல்பர்ட்டிடம் ஒன்றை வேண்டாம் என்றால் அதை மத்தியானமே செய்துவிடுவார். அதனால் பேன்ட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை டை கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் கல்யாணத்துக்கும் அவர் அம்மாவின் அடக்கத்துக்கும் கட்டிய டை.

"யார் செத்துப் போனாங்க?"

"யாரும் இல்ல. சும்மா மருந்துக்கடை வரைக்கும் போயிட்டு வர்றேன்."

மருந்துக்கடையில் பாஸ்போர்ட் அளவுக்குப் படம் எடுப்பார்கள். லைசென்ஸ் கொடுக்க அரசாங்கத்துக்கு இரண்டு படம் வேண்டும்.

வியாழக்கிழமை வந்தபோது பத்து விரல் நுனியும் கறுப்பு.

"என்னங்க இது?"

"டிராக்டர் கிரீஸ்."

"டிராக்டர் கிரீஸ் விரல் நுனியில மட்டும், பத்துலயும் ஒரே அளவா ஒட்டுமா?"

"புது மாதிரி கிரீஸ் நெல்டா. நல்லா வேலை செய்யுது."

எலுமிச்சையும் உப்பும் கொடுத்துத் தேய்க்கச் சொன்னேன். ஷெரீஃப் ஆபீசில் கைரேகை எடுத்த மை அதற்கெல்லாம் போகாது. மூன்று நாள் டெல்பர்ட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். கடலை வாங்கக் கடைக்குப் போனபோதும் அப்படியே போனார்.

வெள்ளிக்கிழமை புத்தகம் அகப்பட்டது. குளியலறையில் மாட்டு ஏலப் பட்டியலுக்குள் செருகி வைத்திருந்தார். லைசென்ஸ் வாங்குவது எப்படி என்று அரசாங்கம் போட்ட சட்டப் புத்தகம். டெல்பர்ட் பன்னிரண்டாவது முடித்தவர். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் கூடத்தில். அந்தப் புத்தகத்தில் பதினோராம் பக்கத்தில் தீக்குச்சி வைத்திருந்தார். அதோடு சரி. அதற்கு மேல் பக்கங்கள் புதுசாக ஒட்டிக்கொண்டிருந்தன.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்துத்தான் படிப்பேன். ஆனால் துணி வெட்டுகிறவள் மாதிரித்தாளில் இருக்கும் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் கத்தரிக்கோலைத் தொட மாட்டாள். தொட்டால் சட்டையின் ஒரு கை நீளமாகப் போய்விடும். மூன்று நாள், துணி ஊறவைத்திருக்கிறேன் என்று சொல்லிக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழுசாகப் படித்தேன்.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. சுடும் தேர்வில் எந்த வகைத் துப்பாக்கியால் சுடுகிறாயோ அதைப் பொறுத்துத்தான் லைசென்ஸ். தானாகத் தோட்டா ஏறும் பிஸ்டலால் சுட்டுத் தேறினால் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சுழல்கிற ரிவால்வரால் சுட்டுத் தேறினால் ரிவால்வர் மட்டும்தான். பிஸ்டலைத் தொடக்கூடாது. வேறொரு பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒளித்து வைக்கத்தான் லைசென்ஸ். வெளியே தெரிந்தால் குற்றம்.

இரண்டையும் ஐந்து தடவை படித்தேன். பிறகு மாட்டுப் பட்டியலுக்குள் செருகி, தீக்குச்சியைப் பதினோராம் பக்கத்திலேயே வைத்தேன்.

பிஸ்டல் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. பத்து வருஷமாகப் பந்து உருட்டாத மனுஷனின் பௌலிங் பை, கராஜில் பெரிய ஃப்ரீசருக்குப் பின்னால் புதுசாகத் தூசி தட்டி நின்றது. திறந்தேன். குட்டி பிஸ்டல், கறுப்பாக, என் உள்ளங்கை அளவு. இரண்டு கைக்கும் அடுப்புக் கையுறை மாட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் காட்டி, தோட்டா இல்லை என்று மூன்று தடவை பார்த்துவிட்டு எடுத்தேன். என் துணி அலமாரியில் கல்யாண சாட்டின் துணிக்கடியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

அப்பாவிடம் இன்னொரு துப்பாக்கி இருந்தது. எங்கள் குதிரைச் சேணப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய ரிவால்வர். குழல் மட்டும் ஏழரை அங்குலம். மொத்தத்தில் ஒரு அடிக்கு மேல். அதால் யாருக்கும் எந்தக் காலத்திலும் ஒன்றும் ஆனதில்லை. வெளியே எடுத்து முடிப்பதற்குள் எல்லோரும் போய்விடுவார்கள். அதை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பையில் வைத்தேன். அதற்குத் தக்க தோட்டா இரண்டு பெட்டி கடையில் வாங்கினேன், வெள்ளை நூல்கண்டு மூன்றோடு சேர்த்து. எங்கள் ஊரில் அதையும் இதையும் ஒன்றாக வாங்கினால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை லைசென்ஸ் வகுப்பு, சுடும் தேர்வும் அன்றைக்குத்தான். டெல்பர்ட் விடியற்காலையிலேயே கிளம்பினார். நான் கராஜ் வாசலில் நின்றுகொண்டேன்.

"எங்க இவ்வளவு சீக்கிரமா?"

"மாட்டு ஏலம். அடுத்த மாவட்டத்துல."

"பௌலிங் பை எதுக்கு?"

"கன்னுக்குட்டி கிடைச்சா போட்டுக்கலாம்னு."

"அவ்வளவு சின்னக் கன்னுக்குட்டியா?"

"பாத்துக்கலாம் நெல்டா, நேரமாச்சு."

பையைத் திறந்து பார்க்க நான் விடவில்லை. மழை வருமா, டயரில் காற்று இருக்கிறதா, வயிறு சரியாக இருக்கிறதா என்று வண்டி தெருவுக்குப் போகும் வரைக்கும் கேட்டுக்கொண்டே நடந்தேன். அன்று முழுவதும் எனக்குத் தையல் ஓடவில்லை. ஏதாவது ஆனால் ரிவால்வருக்கு ஆகட்டும். அவருக்கு எதுவும் ஆகக் கூடாதே என்ற கவலையில் ஒரு பிளவுஸுக்கு மூன்று கை தைத்துவிட்டேன்.

சாயங்காலம் வெடிமருந்து வாசனையோடு வந்தார். கன்றுக்குட்டி இல்லை. என்னை உற்றுப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிஸ்டல் எங்கே என்று கேட்டால் அவர் பொய் உடையும். கேட்காவிட்டால் பிஸ்டல் கிடையாது. பீன்ஸையும் சோள ரொட்டியையும் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார்.

என்ன நடந்தது என்று திங்கட்கிழமை தெரிந்தது. வகுப்பு எடுத்த ஹார்லன் தன் பேன்ட்டுக்கு ஜிப் மாற்ற வந்தார். பழைய டெபுடி ஷெரீஃப், நேர்மையான மனுஷன்.

"வகுப்பு எப்படிப் போச்சு ஹார்லன்?"

"யார் யார் வந்தாங்கன்னு நான் சொல்லக்கூடாது நெல்டா. சட்டம்."

"சொல்ல வேண்டாம். நேரா நில்லுங்க, இடுப்பு அளவு எடுக்கணும்."

நேராக நின்றார். நாடா சுற்றி முடிவதற்குள் என் பக்கம் குனிந்தார்.

"பேரு சொல்லல. ஒருத்தர் பையைத் திறந்தாரு பாரு, நாங்கெல்லாம் நின்னுட்டோம். பீரங்கி நெல்டா. பீரங்கி. அவர் மூஞ்சியே ஒரு மாதிரி போச்சு. 'இதத்தான் கொண்டு வந்தியா'ன்னேன். எல்லாரும் பாக்குறாங்க. நெஞ்ச நிமித்திக்கிட்டு, 'இந்தக் குட்டிப் பொம்மையிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல, என் மாமனார் துப்பாக்கிதான் எனக்கு'ன்னாரு."

"சுட்டாரா?"

"இருநூத்தி ஐம்பதுக்கு இருநூத்தி முப்பத்தெட்டு. அந்த நீளத்துக்குக் குறி தப்பவே தப்பாது. பாதி தூரத்துக்குக் குழலே போயிடுது."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஹார்லனுக்கு ஜிப் மாற்றக் கூலி வாங்கவில்லை.

லைசென்ஸ் அட்டை தபாலில் வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் டெல்பர்ட் வீடு முழுக்கத் தேடினார். மாவு டப்பாவில் கைவிட்டார். பியானோவுக்குள் எட்டிப் பார்த்தார். நாயின் கூண்டுக்குள் பாதி உடம்பு போனபோது நான் வந்துவிட்டேன்.

"என்ன தேடுறீங்க?"

"கண்ணாடி."

"மூக்கு மேல இருக்கு."

"ஓ. இருக்கா."

அட்டை வந்த அன்று பொறித்த மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் செய்திருந்தேன். தபால்காரியிடம் உறையை வாங்கியதும் நானேதான். அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். திறந்தார். எழுந்து நின்றார். பன்னிரண்டாவது தேறிய சான்றிதழ் வாங்கியபோதும் இப்படித்தான் நின்றிருப்பார்.

"நெல்டா. உக்காரு. ஒரு விஷயம் சொல்லணும். கோவப்படக்கூடாது."

"உக்காந்துதான இருக்கேன்."

"டெக்சாஸ் மாநிலம் எனக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கு. சட்டப்படி. கையெழுத்தோட. அதனால மரியாதையா என் பிஸ்டலை எடுத்துக் கொடு."

"இதோ" என்று அலமாரியைத் திறந்து, கையுறை மாட்டிக்கொண்டு, பீங்கான் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். கூடவே சட்டப் புத்தகத்தையும், முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து.

அவருக்கு நம்ப முடியவில்லை. முதலில் பிஸ்டலைப் பார்த்தார், பிறகு என்னை.

"அவ்வளவுதானா? சண்டை இல்லையா?"

"சட்டம் கொடுத்ததை நான் யாரு தடுக்க? அட்டையில பேருக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாருங்க. எனக்குப் படிப்பு கம்மி."

பார்த்தார். சுருக்கமாக மூன்று எழுத்து, விளக்கம் முப்பத்தொன்றாம் பக்கத்தில். புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி அட்டை. மறுபடி புத்தகம். உருளைக்கிழங்கு ஆறிப்போயிற்று.

"ரிவால்வர் மட்டும்னு போட்டிருக்கான்" என்றார், ரொம்ப மெதுவாக.

"ஐயோ பாவம். எதால சுட்டீங்க?"

அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"பரவாயில்ல. ஹார்லன்கிட்ட போங்க. பிஸ்டலால திரும்பச் சுட்டுத் தேறலாம், நாற்பதாம் பக்கத்துல இருக்கு. முதல் தடவை ஏன் பிஸ்டல் கொண்டு வரலைன்னு கேப்பாரு. தீவனக் கடையில டாமினோ ஆடுற மேசையில எல்லாரும் இருக்கும்போதுதான் கேப்பாரு. பெண்டாட்டி பையை மாத்திட்டான்னு சொல்லிடுங்க. எனக்கொண்ணும் இல்ல."

டெல்பர்ட் ஹார்லனிடம் போகவில்லை. ஆனால் மாமனார் துப்பாக்கிக் கதை அதற்குள் டாமினோ மேசை வரைக்கும் போயிருந்தது. "எங்கய்யா அந்தப் பீரங்கி? வீட்ல தூங்குதா?" என்று தினமும் கேட்டிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல் அதையே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் தோட்டாவை எடுத்து வைத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியும். சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

பேன்ட்டுக்குள் இடது தொடையோடு ஒட்டிக் குழல் இறங்கியது. உட்கார முடியாது. குனிய முடியாது. முழங்காலை மடக்கினால் சட்டைக்கு மேலே கைப்பிடி எட்டிப் பார்க்கும், எட்டிப் பார்த்தால் குற்றம். காலைக் கட்டையாக நீட்டி, அரை வட்டம் போட்டுப் போட்டு, தீவனக் கடைக்கு நடந்து போயிருக்கிறார்.

பக்கத்து வீட்டு ஐனா ஃபே ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். எங்கள் சபையின் ஜெபத் தொலைபேசி அவள் கையில்தான் ஆரம்பிக்கும். ஒருத்தி இரண்டு பேருக்குச் சொல்வாள், அந்த இரண்டு பேர் நாலு பேருக்கு.

"நெல்டா, டெல்பர்ட் காலுக்கு என்னடி?" என்று போனில் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லையே."

"மறைக்காத. நான் பாத்தேன். பாவம், மரக்கால் மாதிரி இழுத்துக்கிட்டுப் போறாரு. வலியில மூஞ்சி செவந்து கிடக்கு."

நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

"அவர்தான் எதையும் மறைச்சு வைப்பாரே ஐனா ஃபே" என்றேன்.

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை டெல்பர்ட் துப்பாக்கி இல்லாமல் சாதாரணமாகக் கோயிலுக்குள் நடந்து வந்தார். போதகர் ஜெபப் பட்டியல் படித்தார்: மிஸஸ் ப்ரூயிட்டின் பித்தப்பை, வறட்சி, டெல்பர்ட்டின் இடது கால். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. டெல்பர்ட் அந்த நிமிஷத்திலிருந்து நொண்ட ஆரம்பித்தார். வேறு வழி? நொண்டவில்லை என்றால் நேற்று எதற்கு நொண்டினீர்கள் என்று கேட்பார்கள்.

திங்கட்கிழமை முதல் சாப்பாடு வர ஆரம்பித்தது. கோழியும் நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் போட்டு வேகவைத்த டிரேக்கள். பன்றித் தொடைக்கறி. பீச் பழப் பணியாரம். பீக்கன் பருப்புப் போட்டுச் சுட்ட இனிப்பு மூன்று விதம், கொண்டுவந்த மூன்று பேரும் தன்னுடையதுதான் நல்லது என்று அவர் சொல்லும்வரை நின்றுவிட்டுத்தான் போனார்கள். டெல்பர்ட் சாய்வு நாற்காலியில் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் "இன்னைக்குக் கொஞ்சம் தேவலை" என்பார். அவர்கள் போனதும் எழுந்து போய் இரண்டாவது தட்டு எடுத்துக்கொள்வார். நான் ஐந்து வாரம் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அடுப்பை அணைத்தேனா என்ற கவலையும் ஐந்து வாரம் இல்லை.

ஆறாவது வாரம் கால் குணமானது. போதகர் நன்றி சொன்னார். சவப்பெட்டிக் கடைக்காரர் குட்டி பிஸ்டலை வாங்கிக்கொண்டார், அவருக்கு எங்கே இடம் இருக்கிறதோ. அப்பாவின் ரிவால்வர் கூடத்தில் டெல்பர்ட்டின் சான்றிதழுக்குக் கீழே தொங்குகிறது. லைசென்ஸையும் சட்டம் போட்டுப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். மாட்டினேன். இருநூற்று முப்பத்தெட்டு சும்மாவா?

நேற்று காலை அந்த மூன்று பேன்ட்டுகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி என் தையல் அறைக்கு வந்தார். மூன்றாவதைப் போட்டிருந்தார்.

"நெல்டா, இதுக்கு இனிமே வேலை இல்ல. அந்த ரெண்டு அங்குலத்தையும் பழையபடி பிடிச்சுக் கொடுத்துடு."

அளவு நாடாவை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றினேன். படித்த அளவை நம்பாமல் கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை சுற்றினேன்.

"பிடிக்க வேண்டாங்க" என்றேன். "சரியாத்தான் இருக்கு."